இடியில் போன கணினியும் பூட்டிய டிஸ்க்கும்: ஹட்டனில் ஒரு நிகழ்வு ஆய்வு

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில், தோட்ட மக்களுக்குக் கடிதம் எழுதிக்கொடுத்துப் படிவம் நிரப்பிக்கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகம் இருக்கிறது. அங்கிருந்த கணினி ஏப்ரல் மாத இடிமழையில் செத்துப்போனது. அதற்குள் இருந்த 1 டெராபைட் ஹாட் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் வேறு கணினியில் மாட்டினால் திறக்க மறுத்தது. காரணம், அது பிட்லொக்கர் (விண்டோஸோடு வரும், டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் வசதி) போட்டுப் பூட்டிய டிஸ்க். அதைத் திறந்த விதத்தை இங்கே முழுமையாக எழுதிவைக்கிறேன். எங்கள் மாதிரி பழுதுபார்க்கும் கடைகளுக்கும், மற்றவர்களின் பத்திரங்களைக் கணினியில் வைத்துக் காக்கும் அலுவலகங்களுக்கும் இது உதவும்.

அலுவலகத்தாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நானே அமைத்தவை. அவர்களுடைய சாவியின் ஒரு தொகுதிகூட இங்கே இல்லை.

டிஸ்க்கில் இருந்தது

பல தோட்டங்களைச் சேர்ந்த குடும்பங்களின் பத்திரங்கள், ஸ்கேன் செய்யப்பட்டு, லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) ஒரு போல்டராக அடுக்கப்பட்டிருந்தன. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டையின் இரு பக்கமும், ஊழியர் சேமலாப நிதிக் கடிதங்கள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், சில வீடுகளில் தாத்தா காலத்துப் பிரஜாவுரிமைச் சான்றிதழ்.

மலையகத்தில் பத்திரம் என்பது சாதாரண விஷயம் அல்ல. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள், 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கைப் பக்கம் இந்தியப் பக்கம் என்று பிரிக்கப்பட்டவர்கள், 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை காத்திருந்தவர்கள் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள் கதை உண்டு. இன்றைக்கும் சேமலாப நிதிக்காசு எடுக்கப் போனால், பிறப்புப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, தோட்டத்துச் செக்ரோலில் (வேலையாட்களின் பெயர்ப் பதிவேட்டில்) மூன்றாவது ஒன்று என்று சிக்கல் வருகிறது. அந்த மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்டப் பழைய தாள்கள் வேண்டும். லயக் காம்பராவில் தீப்பிடித்தாலோ மண் சரிந்தாலோ முதலில் போவது அந்தத் தாள்கள்தான். அதனால்தான் ஸ்கேன் செய்து வைத்திருந்தார்கள்.

அதே காரணத்துக்காகத்தான் பூட்டியும் வைத்திருந்தார்கள். அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கு இலக்கமும் கையெழுத்தும் ஒரே போல்டரில் கிடைத்தால் அந்தக் குடும்பத்தின் பெயரில் யாரும் எதையும் செய்யலாம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் பலர் இதைப் பேசுகிறார்கள். இந்த அலுவலகம் அதற்கு முன்பே செய்திருந்தது. டிஸ்க் திறக்கவில்லை என்றதும், “லொக் போட்டதே தப்பு” என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்களாம். நான் அப்படி நினைக்கவில்லை. பூட்டியது சரி. சாவியைக் காத்த விதத்தில்தான் ஓட்டை இருந்தது.

எங்களிடம் வந்தபோது இருந்த நிலை

தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முந்திய மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்தப் பக்கம் பிற்பகலானால் இடியும் மின்னலும்தான். அன்று கரண்ட் போய் வந்த பிறகு கணினி எழும்பவில்லை. பவர் சப்ளை, மதர்போர்ட், விண்டோஸ் இருந்த எஸ்எஸ்டி மூன்றும் போய்விட்டன. பத்திரங்கள் இருந்த பெரிய ஹாட் டிஸ்க் மட்டும் தப்பியது.

முதலில் அதை வேறொரு கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே இன்னொரு கணினியில் மாட்டிப் பார்த்துவிட்டு, “டிஸ்க் லொக் ஆகியிருக்கு, போர்மட் அடிச்சாத்தான் பாவிக்கலாம்” என்று சொல்லியிருக்கிறார்கள். பாவிக்கலாம் என்பது உண்மைதான். உள்ளே இருப்பது வேண்டாம் என்பவருக்கு அது தீர்வு. நல்ல வேளையாக அலுவலகத்து அக்கா ஒப்புக்கொள்ளாமல் டிஸ்க்கை வாங்கி வந்துவிட்டார். பிறகு அலுவலகத்திலேயே மூலையில் கிடந்த விண்டோஸ் 7 கணினியில் மாட்டியும் முயன்றிருக்கிறார்கள். அதில் சரியான சாவியைக் கொடுத்திருந்தாலும் திறந்திருக்காது. 2015 நவம்பரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து பிட்லொக்கர் எக்ஸ்டிஎஸ் என்ற புதிய முறையில் உள் டிஸ்க்குகளைப் பூட்டுகிறது. பழைய விண்டோஸ்களுக்கு அந்த முறை தெரியாது. “பாஸ்வேர்ட் சரியாத்தான் அடிச்சேன், எடுக்கல” என்று யாராவது வந்தால் எந்த விண்டோஸில் அடித்தீர்கள் என்று கேட்பது நல்லது.

“தம்பி, டிஸ்க்கக் கழட்டி வேற மெசின்ல போட்டா திறக்கும்தானே? அப்படித்தானே எப்பவும் செய்றது?” என்று அக்கா கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் உள்ளே போக வேண்டும்.

சாவி டிஸ்க்கில் இல்லை

டிஸ்க்கில் உள்ள ஒவ்வொரு செக்டரும் (தரவு எழுதப்படும் சிறு துண்டும்) ஒரு நீண்ட இரகசிய எண்ணால் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். அந்த எண்ணை இன்னொரு எண் பூட்டுகிறது. அதைத் தலைச்சாவி என்று வைத்துக்கொள்வோம். தலைச்சாவியின் பல பிரதிகள் டிஸ்க்கிலேயே உண்டு. ஆனால் ஒவ்வொரு பிரதியும் ஒவ்வொரு விதமாகப் பூட்டப்பட்டிருக்கும். ஒன்று பாஸ்வேர்டால், ஒன்று 48 இலக்க ரிகவரி கீயால் (மீட்புச் சாவியால்), ஒன்று மதர்போர்டில் இருக்கும், சாவிகளைக் காக்கும் டிபிஎம் சிப்பால். கோயில் உண்டியலுக்கு மூன்று பேரிடம் சாவி இருப்பது மாதிரித்தான், ஒரு வித்தியாசம் என்னவென்றால் இங்கே யாராவது ஒருவர் வந்தாலே போதும்.

விண்டோஸ் இருக்கும் டிஸ்க் பெரும்பாலும் டிபிஎம்மை நம்பித்தான் திறக்கிறது. கணினி எழும்பும்போது பயோஸ், செக்கியூர் பூட் போன்ற தொடக்க அமைப்புகள் எல்லாம் முன்பு இருந்தபடியே இருக்கிறதா என்று அளந்து பார்த்து, மாறவில்லை என்றால் மட்டும் சிப் தன் பங்கை விடுவிக்கும். நமக்கு எதுவும் தெரியாது. நாம் எதையும் அடிப்பதில்லை. அதே டிஸ்க்கை வேறு போர்டில் மாட்டினால் அங்கே இருக்கும் சிப்புக்கு இந்தப் பூட்டைத் தெரியாது. உடனே நீலத் திரையில் ரிகவரி கீ கேட்கும். புதிய கணினிகளில் டிபிஎம் தனிச் சிப்பாக இல்லாமல் புரொசசரோடும் சிப்செட்டோடும் சேர்ந்து வருகிறது. “அப்போ புரொசசரைக் கழற்றி அதே மாதிரி போர்டில் போட்டால்?” என்று எங்கள் கடைப் பையன் கேட்டான். நல்ல கேள்வி. அந்த டிபிஎம் தன் தரவைப் போர்டில் இருக்கும் பயோஸ் சிப்பில் எழுதிவைக்கிறது. அதனால் புரொசசரை மட்டும் மாற்றி வேலை நடக்காது. சில போர்டுகள் புதிய புரொசசரைக் கண்டதும் டிபிஎம்மை அழித்து மீண்டும் தொடங்கவா என்று கேட்கும். யோசிக்காமல் ஆம் என்று அழுத்தினால் இருந்த வழியும் போகும்.

பத்திரங்கள் இருந்த டிஸ்க்கின் நிலைமை இன்னும் கொஞ்சம் வேறு. அது விண்டோஸ் இல்லாத, தரவுக்கான டிஸ்க். அத்தகைய டிஸ்க்குக்குத் தானாகத் திறக்கும் வசதியைப் போட்டுவைக்கலாம். அதற்கான சாவியை விண்டோஸ் தன் டிஸ்க்குக்குள், அதுவும் பூட்டப்பட்ட டிஸ்க்குக்குள், வைத்துக்கொள்ளும். காலையில் கணினியைப் போட்டதும் பெரிய டிஸ்க் தானாகத் திறந்துகொள்ளும். எஸ்எஸ்டி செத்தபோது அந்தச் சாவியும் அதனோடு போனது.

பாஸ்வேர்ட் இருந்தது. யாருக்கும் நினைவில்லை. தானாகத் திறக்கும்படி வைத்த நாளிலிருந்து அதை ஒருவரும் அடிக்கவே இல்லை. இந்த வசதியின் உண்மையான ஆபத்து இதுதான் என்று நான் நினைக்கிறேன். கை அடிக்காத பாஸ்வேர்ட் மனதிலும் நிற்காது.

ஊகித்துப் பார்க்கலாமா என்றால், பிட்லொக்கர் ஒவ்வொரு பாஸ்வேர்டையும் சோதிக்கும் முன் அதை 1,048,576 தடவை திரும்பத் திரும்ப ஒரு கணக்கில் போட்டு அரைக்கிறது. ஒரு ஊகத்துக்கு அவ்வளவு வேலை. அக்காவுக்கு நினைவிருந்த சொற்களை அடித்துப் பார்த்தோம், எதுவும் திறக்கவில்லை, அதோடு நிறுத்திவிட்டோம்.

சாவி தேடுவதற்கு முன் நகல்

எதையும் முயல்வதற்கு முன், டிஸ்க்கை லினக்ஸ் கணினியில் மாட்டி, டிடிரெஸ்கியூ என்ற நகலெடுக்கும் மென்பொருள் கொண்டு செக்டர் செக்டராக முழு நகல் எடுத்தோம். பூட்டிய டிஸ்க்கை நகலெடுக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். முடியும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே எழுதியிருப்பதை அப்படியே பிரதி எடுக்கிறோம், அவ்வளவுதான். நகலும் பூட்டியபடிதான் இருக்கும். அதே சாவிதான் அதையும் திறக்கும்.

பார்ட்டிஷனின் முதல் செக்டரைத் திறந்து பார்த்தோம். சாதாரண டிஸ்க் என்றால் அங்கே என்டிஎஃப்எஸ் என்ற எழுத்துகள் தெரியும். இதில் எஃப்விஈ-எஃப்எஸ் என்று இருந்தது. அது பிட்லொக்கரின் முத்திரை. டிஸ்க் கெட்டுப்போய் வெறும் குப்பையாகத் தெரிகிறதா, பூட்டப்பட்டிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் இந்த ஒரு இடத்தைப் பார்த்தாலே போதும். பூட்டைப் பற்றிய விபரங்களை பிட்லொக்கர் டிஸ்க்கில் மூன்று வெவ்வேறு இடங்களில் எழுதிவைக்கிறது. போர்மட் அடித்தால் அவற்றில் எதன் மேல் என்ன எழுதப்படும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மூன்றும் அழிந்துபோனால், 48 இலக்கமும் கையில் இருந்தாலும் திறக்க எதுவும் மிஞ்சாது. அதனால்தான் பூட்டிய டிஸ்க்கோடு வருபவரிடம் முதல் சொல்லாகப் போர்மட் என்று சொல்வதை நாங்கள், இந்தத் தொழிலில் இருப்பவர்கள், கைவிட வேண்டும் என்கிறேன்.

நகலை இன்னொரு டிஸ்க்கில் இறக்கி, விண்டோஸ் 11 கணினியில் மாட்டி, மேனேஜ்-பிடிஈ என்ற கட்டளையால் அந்த டிஸ்க்குக்கு எத்தனை பூட்டு என்று கேட்டோம். டிஸ்க் பூட்டியிருந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் வரும். மூன்று இருந்தன: தானாகத் திறப்பதற்கான வெளிச் சாவி, பாஸ்வேர்ட், எண் சாவி (அந்த 48 இலக்க ரிகவரி கீ). ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாளக் குறி. எண் சாவியின் குறியில் முதல் எட்டு எழுத்துகளைத் தாளில் எழுதிக்கொண்டோம். அந்தக் குறி இரகசியம் இல்லை. எந்தச் சாவியைத் தேட வேண்டும் என்று சொல்வதற்குத்தான் அது.

பைல் அட்டை

கணினியை முதலில் ஒழுங்குபடுத்திக்கொடுத்தவர் இப்போது கொழும்பில் வேலை செய்யும் ஒரு இளைஞர். அவரை போனில் பிடித்தோம். மைக்ரோசொப்ட் கணக்கில் சாவி சேமிக்கப்பட்டிருக்குமா என்பது முதல் கேள்வி. இல்லை, உள்ளூர்க் கணக்கில்தான் விண்டோஸ் போட்டேன் என்றார். பிறகு அவரே சொன்னார்:

“அண்ணே, பெரிய டிஸ்க்கோட கீய நீலக் கலர் பைல் அட்டைக்கு உள்பக்கம் எழுதி வச்சேன். அக்காக்கிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

“சொன்னான், சொன்னான்,” என்றார் அக்கா. “நான் அது ஏதோ டெலிபோன் நம்பர்னு நினைச்சு அலுமாரிக்கு மேல போட்டுட்டேன்.”

அட்டை கிடைத்தது. அட்டையின் மேல் மூலையில் எட்டு எழுத்துக் குறி. எங்கள் தாளில் இருந்ததோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. சரியான சாவிதான். ஆனால் ஹட்டன் பனியும் கூரையின் ஈரமும் சேர்ந்து மை ஊறியிருந்தது. ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதி, இரண்டு நிரலாக, நிரலுக்கு நான்கு. சில தொகுதிகளில் இலக்கங்கள் பரவிப்போய் 0 வா 6 ஆ 8 ஆ என்று சொல்ல முடியவில்லை. 1 உம் 7 உம் ஒரே மாதிரித் தெரிந்தன.

11 ஆல் வகுபடும்

இந்த நிகழ்வை எழுதிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இந்த இடத்துக்காகத்தான்.

பிட்லொக்கரின் 48 இலக்கங்கள் கண்டபடி அமைந்தவை அல்ல. ஒவ்வொரு ஆறு இலக்கத் தொகுதியும் 11 இன் பெருக்கம். 11 ஆல் வகுத்தால் வரும் ஈவு 65,536 ஐ விடச் சிறியதாக இருக்கும், அதாவது 16 பிட்டுக்குள் அடங்கும். எட்டுத் தொகுதிக்கும் சேர்த்து 128 பிட். 11 ஆல் பெருக்கியதே, மனிதர் கையால் எழுதும்போதும் வாசிக்கும்போதும் வரும் பிழையைக் கண்டுபிடிக்கத்தான். 65,535 ஐ 11 ஆல் பெருக்கினால் 720,885. எந்தத் தொகுதியும் அதற்கு மேல் போகாது.

11 ஆல் வகுபடுமா என்று பார்க்கக் கணக்குப்பொறி வேண்டாம். பாடசாலையில் படித்ததுதான்: ஒற்றை இடங்களில் உள்ள இலக்கங்களைக் கூட்டு, இரட்டை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டு, இரண்டுக்கும் வித்தியாசம் 0 ஆகவோ 11 இன் பெருக்கமாகவோ இருந்தால் வகுபடும்.

இப்போது ஒரு தொகுதியில் மூன்றாவது இலக்கம் மட்டும் மங்கியிருக்கிறது என்று வையுங்கள். 4, 2, மங்கியது, 9, 8, 1. ஒற்றை இடங்கள்: 4 உம் 8 உம் 12, அதோடு மங்கிய இலக்கம். இரட்டை இடங்கள்: 2, 9, 1, கூட்டினால் 12. வித்தியாசம் அந்த மங்கிய இலக்கமேதான். அது 0 ஆக மட்டுமே இருக்க முடியும். கண்ணுக்கு 0, 6, 8 மூன்றும் பொருந்திய இடத்தில் கணக்கு ஒன்றை மட்டும் விட்டது: 420981. ஒரு தொகுதியில் ஒரே ஒரு இலக்கம் தெரியவில்லை என்றால் எப்போதும் ஒரு விடைதான் வரும். அந்த இலக்கத்தை எழுதியவர் மறந்தாலும் பரவாயில்லை, மீதி ஐந்தும் அதைச் சொல்லிவிடும்.

இரண்டு இலக்கம் மங்கினால் நூறு சாத்தியத்தில் ஒன்பது பத்து மிஞ்சும். உதாரணமாக 5, மங்கியது, 3, 1, மங்கியது, 7. கணக்குப் போட்டால் இரண்டு மங்கியவையும் ஒரே இலக்கமாக இருக்க வேண்டும் என்று வருகிறது. பத்துச் சாத்தியம். இங்கே பூதக்கண்ணாடியை எடுத்தோம். முதலாவது 1 மாதிரியோ 7 மாதிரியோ தெரிகிறது. இரண்டாவது 1 மாதிரியோ 4 மாதிரியோ தெரிகிறது. இரண்டுக்கும் பொது 1 மட்டும்தான். ஆகவே 513117.

உச்ச எல்லையும் உதவியது. ஒரு தொகுதியின் முதல் இலக்கம் 1 ஆ 7 ஆ என்ற சந்தேகம், அடுத்தது தெளிவாக 4. 7 என்றால் எண் 740,000 ஐத் தாண்டும். எந்தத் தொகுதியும் 720,885 ஐத் தாண்டாது என்பதால் அது 1. இப்படியே ஒவ்வொரு தொகுதியாக உட்கார்ந்து தீர்த்தோம். அக்காவும் பேனாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கடைசித் தொகுதிகளை அவரே கூட்டிக் கழித்துச் சொன்னார், நான் சரிபார்த்தேன்.

இந்தச் சோதனை இன்னொன்றையும் பிடிக்கும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருந்தால் வகுபடாது. போனில் ஒருவர் வாசிக்க மற்றவர் எழுதும்போது வழக்கமாக வரும் பிழை அதுதான். ஆகவே யாராவது உங்களுக்கு ரிகவரி கீ வாசித்தால் ஒவ்வொரு தொகுதி முடிந்ததும் கூட்டிப் பாருங்கள். 48 உம் எழுதி முடித்த பிறகு தேடுவதை விட அது சுகம்.

குறுக்கேயா, கீழேயா

எட்டுத் தொகுதியும் தெளிவான பிறகும் டிஸ்க் திறக்கவில்லை. வரிசை வரிசையாகக் குறுக்கே வாசித்து அடித்திருந்தோம். விண்டோஸ் சொன்ன பதிலைக் கவனிக்க வேண்டும். ஏதாவது தொகுதி 11 ஆல் வகுபடாமல் இருந்தால் சாவியின் வடிவமே தவறு என்று ஒரு செய்தி வரும். வடிவம் சரி, ஆனால் இந்த டிஸ்க்கை இது திறக்காது என்பதற்கு வேறு செய்தி. எங்களுக்கு வந்தது இரண்டாவது. அதாவது ஒவ்வொரு தொகுதியும் தன்னளவில் ஒழுங்கானது, மொத்தமாகத்தான் பிழை.

11 சோதனை தொகுதிக்குள்ளே மட்டும்தான் பார்க்கும். இரண்டு முழுத் தொகுதிகள் இடம் மாறினால் அதற்குத் தெரியாது. இளைஞரை மறுபடி அழைத்தோம். “ரெண்டு நிரலா எழுதினது ஞாபகம் இருக்கு அண்ணே. குறுக்க எழுதினேனா கீழ எழுதினேனானு சொல்லத் தெரியல” என்றார். கீழ்நோக்கி வாசித்து அடித்தோம். திறந்தது.

தரவு டிஸ்க்குக்கு ரிகவரி கீயைத் தவறாக அடித்தால் அது நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளாது. இதை நினைத்துத்தான் பலர் பயந்து, சாவி கையில் இருந்தும் முயலாமல் விடுகிறார்கள். விண்டோஸ் டிஸ்க்குக்கு PIN இலக்கம் போட்டிருந்தால் கதை வேறு, அங்கே டிபிஎம் தவறான PIN முயற்சிகளை எண்ணி நிறுத்திவிடும்.

புதிய கணினியில்

நகலில் எல்லாம் திறந்து, சில லயங்களின் போல்டர்களை அக்கா முன்னிலையிலேயே திறந்து பார்த்த பிறகுதான் அசல் டிஸ்க்கைத் தொட்டோம். அதுவும் அதே சாவிக்குத் திறந்தது.

அதன்பின் செய்தவை குறைவு. பழைய எண் சாவியை நீக்கிப் புதியது ஒன்றைச் சேர்த்தோம். பழையது போனில் வாசிக்கப்பட்டது, வட்ஸ்அப்பில் படமாகவும் போனது, இனி அதை நம்பக்கூடாது. இதற்காக டிஸ்க்கை முழுவதும் மறுபடி குறியாக்கம் செய்யத் தேவையில்லை. மாறுவது தலைச்சாவியைப் பூட்டும் பூட்டு மட்டும், தரவு இருந்தபடியே இருக்கும். புதிய பாஸ்வேர்டும் வைத்தோம். தானாகத் திறக்கும் வசதியை மறுபடி போடவா என்று கேட்டதற்கு அக்கா, “வேணாம் தம்பி, தினமும் அடிச்சாத்தான் மறக்காது” என்றார்.

புதிய சாவியைப் பென்சிலால், தொகுதிக்குத் தொகுதி 1 முதல் 8 வரை இலக்கமிட்டு, இரண்டு தாளில் எழுதினோம். பென்சில் எழுத்து ஈரத்தில் ஊறாது. ஒரு தாள் பிளாஸ்டிக் உறையில் அலுவலகத்துப் பெட்டியில், இன்னொன்று குழுவின் தலைவர் வீட்டில். டிஸ்க்கின் நகல் ஒன்றும் வேறு இடத்தில் இருக்கிறது, அதுவும் பூட்டியபடி. அந்த நகல் சாவி மாற்றத்துக்குப் பிறகு எடுத்தது. முதலில் எடுத்த நகலைப் பழைய சாவி இன்னும் திறக்கும் என்பதால் அதை அழித்துவிட்டோம்.

கணினி உயிரோடு இருக்கும்போதே மாற்றுவதென்றால்

இது இனி அடிக்கடி வரப்போகும் வேலை. விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேட்கிறது. பழைய கணினியை விட்டு டிஸ்க்கை மட்டும் கொண்டுபோகிறவர்கள் கூடியிருக்கிறார்கள்.

டிஸ்க்கைக் கழற்றும் முன், பழைய கணினியிலேயே சாவியைத் தாளில் எடுத்து, குறியின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிட்டுவிடுங்கள். விண்டோஸ் டிஸ்க்கையே கொண்டுபோவதென்றால் பிட்லொக்கரைத் தற்காலிகமாக இடைநிறுத்தலாம். அப்போது தலைச்சாவிக்கான திறவுகோல் டிஸ்க்கிலேயே வெளிப்படையாக எழுதப்படும், எந்தக் கணினியிலும் திறக்கும், யார் கையிலும் திறக்கும். பஸ்ஸில் கொண்டுபோகும் டிஸ்க்குக்கு அது நல்லதல்ல. நான் இடைநிறுத்தாமல் கொண்டுபோய், புதிய கணினியில் ரிகவரி கீ அடித்துத் திறந்து, பிறகு புதிய டிபிஎம்மோடு இணைப்பதையே விரும்புகிறேன்.

கொழும்பிலிருந்து வாங்கிவரும் பழைய லெப்டொப்களில் இன்னொரு வலை இருக்கிறது. விண்டோஸ் ஹோம் பதிப்பிலும், மைக்ரோசொப்ட் கணக்கால் உள்நுழைந்தால் டிஸ்க் தானாகவே குறியாக்கமாகி, சாவி அந்தக் கணக்குக்குப் போய்விடும். 2024 இல் வந்த விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பு இதை இன்னும் பல கணினிகளுக்கு விரிவாக்கியது. பூட்டியிருப்பதே உரிமையாளருக்குத் தெரியாது. கணினியை அமைத்துக்கொடுத்தவர் யாரோ, அவருடைய கணக்கில் சாவி கிடக்கும். வாங்கிய அன்றே மேனேஜ்-பிடிஈ கட்டளையில் நிலையைக் கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பூட்டியிருந்தால் பழைய சாவியை நீக்கி, உங்கள் சாவியைப் போடுங்கள்.

எஸ்எஸ்டி

செத்த எஸ்எஸ்டியை எந்தக் கணினியும் காணவில்லை. அதன் ரிகவரி கீ எங்கும் எழுதப்படவில்லை, திறக்கக்கூடிய டிபிஎம்மும் அந்த மதர்போர்டோடு போனது. சிப்பைக் கழற்றி வாசிக்கும் ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் கிடைப்பது குறியாக்கம் செய்த தரவுதான். செலவு செய்ய வேண்டாம் என்று சொன்னேன். அதே காரணத்தால், அது குப்பையில் யார் கைக்குப் போனாலும் அவர்களாலும் வாசிக்க முடியாது.

அதில் இருந்தது, எந்தக் குடும்பத்துக்கு எந்தப் பத்திரம் எந்த போல்டரில் என்ற பெரிய எக்செல் பட்டியலும் கடித மாதிரிகளும். பட்டியலை இப்போது ஸ்கேன்களைப் பார்த்து மறுபடி அடிக்கிறார்கள், இந்தத் தடவை பூட்டிய டிஸ்க்குக்குள்ளேயே. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்கள் முடிந்துவிட்டன, டிக்கோயாப் பக்கம் தொடங்கியிருக்கிறார்கள்.